47 வயதில் வீட்டுக் கடன் இன்னும் 18 ஆண்டு பாக்கி: கடனை அடைப்பதா, ஓய்வுக்குச் சேர்ப்பதா, பெரிய வீட்டுக்கு மாறுவதா?

கேள்வியின் சுருக்கம் இது. கணவன், மனைவி இருவருக்கும் 47 வயது. வீட்டுக் கடன் முடிய இன்னும் 18 ஆண்டு இருக்கிறது. 60 வயதில் வேலை முடியும். மாதாமாதம் ஓரளவு மிஞ்சுகிறது. அதைக் கடனில் கூடுதலாகக் கட்டலாமா, ஓய்வுக்காலத்துக்கு முதலீடு செய்யலாமா, அல்லது இந்த வீட்டை விற்றுவிட்டுப் பெரிய வீடாக வாங்கலாமா?

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், "கடனுக்கு வட்டி 8%, முதலீட்டில் 11% வரும், ஆகவே முதலீடு செய்யுங்கள்" என்பது. 30 வயதுக்காரருக்கு அது சரியாகவே இருக்கலாம். 47 வயதில் வட்டி விகிதங்களுக்கு முன்னால் இரண்டு தேதிகளைப் பார்க்க வேண்டும். ஒன்று சம்பளம் நிற்கும் தேதி, இன்னொன்று கடன் முடியும் தேதி. உங்கள் விஷயத்தில் சம்பளம் 60 வயதில் நிற்கிறது, கடன் 65 வயதில் முடிகிறது. அந்த ஐந்து ஆண்டு இடைவெளியை மூடுவதுதான் முதல் வேலை. அதை மூடத் தேவையான அளவு மட்டும் கடனுக்குப் போகட்டும். மிச்சமெல்லாம் ஓய்வுக்குப் போகட்டும். என் பதிலின் சாரம் இவ்வளவுதான். ஏன் என்பதற்குக் கணக்கு வேண்டும்.

கீழே எல்லா இடத்திலும் இன்றைய கடன் பாக்கியை 1,00,000 என்று வைத்திருக்கிறேன். உங்கள் பாக்கி இதைப்போல் எத்தனை மடங்கோ அத்தனையால் பெருக்கிக்கொள்ளுங்கள். வட்டி ஆண்டுக்கு 8%, குறையும் அசலின் மேல் மாதக் கணக்கு.

18 ஆண்டுக்கு மாதத் தவணை 875 வரும். 13 ஆண்டு ஒழுங்காகக் கட்டி 60 வயதை எட்டும்போது எவ்வளவு பாக்கி இருக்கும்? 18 ஆண்டில் 5 ஆண்டுதானே மிச்சம், கால் பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்றுதான் தோன்றும். உண்மையில் 43,150 இருக்கும். இன்று கட்டும் 875-இல் 667 வட்டிக்குப் போகிறது, 208 மட்டுமே அசலைக் குறைக்கிறது. அசல் வேகமாகக் கரைவது கடைசி ஆண்டுகளில்தான். அந்தக் கடைசி ஆண்டுகள் உங்களுக்குச் சம்பளம் இல்லாத ஆண்டுகள்.

60 வயதிலேயே கடன் முடிய வேண்டுமானால் தவணை 1,033 ஆக வேண்டும். அதாவது இன்றைய தவணையைவிட 18% கூடுதல். அது இப்போது முடியாது என்றால் இன்னொரு வழி இருக்கிறது, நடைமுறையில் இதுதான் பலருக்கும் ஒத்துவரும்: இந்த ஆண்டு 875 கட்டுங்கள், அடுத்த ஆண்டிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் தவணையை 4% ஏற்றுங்கள். கடன் ஏறத்தாழ பன்னிரண்டரை ஆண்டில் முடிந்துவிடும். 3% வீதம் ஏற்றினால் 13 ஆண்டு தாண்டி மூன்று நான்கு மாதம் ஆகும். சம்பள உயர்வு வரும் மாதத்திலேயே தவணையையும் ஏற்றிவிட்டால் வீட்டுச் செலவில் அது தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், உயர்ந்த சம்பளம் அதற்குள் வேறு செலவுகளைத் தேடிக்கொண்டிருக்கும்.

இதைத் தொடங்குமுன் நான்கு விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். கடன் அட்டைப் பாக்கியோ தனிநபர் கடனோ இருந்தால் அதை முதலில் ஒழியுங்கள். அவற்றின் வட்டிக்கு முன் வீட்டுக் கடன் வட்டி ஒன்றுமே இல்லை. தவணையையும் சேர்த்து ஆறு மாதச் செலவு உடனே எடுக்கக்கூடிய இடத்தில் இருக்கட்டும்; 47 வயதில் வேலை போனால் அடுத்த வேலை 30 வயதில் கிடைத்த வேகத்தில் கிடைக்காது. ஓய்வூதிய நிதியில் நீங்கள் போடும் பங்குக்கு ஈடாக நிறுவனமும் போடும் ஏற்பாடு இருந்தால், அதன் உச்சவரம்பு வரை போட்டுவிடுங்கள். அதற்கு ஈடான வருமானம் வேறெங்கும் கிடையாது. நான்காவது ஆயுள் காப்பீடு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏன் இடைவெளியை மூடும் அளவோடு நிறுத்தச் சொல்கிறேன், முழு வேகத்தில் கடனை அடைத்துவிட்டால் நிம்மதியாயிற்றே என்று கேட்கலாம். கடனில் கட்டிய பணம் சுவருக்குள் போன பணம். நோயோ வேலையிழப்போ வந்தால் கடன் கொடுத்தவர் அதைத் திருப்பித் தரமாட்டார். சம்பளம் இல்லாத நேரத்தில் புதுக் கடனும் எளிதில் கிடைக்காது. இரண்டாவது காரணம் காலம். மாதம் 1 வீதம் ஆண்டுக்கு 8% வளர்ச்சியில் 13 ஆண்டு சேர்த்தால் 273 ஆகும். அதையே ஐந்து ஆண்டு தள்ளி 52 வயதில் தொடங்கினால் 134 தான் வரும், பாதிகூட இல்லை. கடனும் 8%, முதலீடும் 8% என்றால் காகிதத்தில் இரண்டும் ஒன்றேதான். கடனை முதலில் முடித்துவிட்டு, விடுபட்ட தவணை முழுவதையும் சேமிப்பில் போட்டால் அதே இடத்துக்கு வந்து சேரலாம். ஆனால் அந்தத் தவணை விடுபடும் ஆண்டுகளில்தான் பிள்ளைகளின் படிப்பும் பெற்றோரின் மருத்துவமும் ஒன்றாக வந்து நிற்கும். முழுத் தொகையும் சேமிப்புக்குப் போய்ச் சேர்வது அரிது.

ஒரு விலக்கு உண்டு. உங்கள் முதலீடு என்பது 5% தரும் வைப்புநிதி மட்டும்தான், பங்குச் சந்தை ஏற்ற இறக்கம் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் என்றால், கடனில் கூடுதலாகக் கட்டுவதே மேல். 8% கடனை அடைப்பது, வரி இல்லாமல், ஆபத்து இல்லாமல் 8% சம்பாதிப்பதற்குச் சமம். ஒப்பிடும்போது முதலீட்டின் பக்கம் வரி போக மிஞ்சும் நிச்சய வருமானத்தை எடுங்கள். வீட்டுக் கடன் வட்டிக்கு வரிச்சலுகை உள்ள நாட்டில் இருந்தால் கடன் பக்கத்தையும் திருத்த வேண்டும்: வட்டி முழுவதற்கும் சலுகை கிடைத்து, உங்கள் வரி விகிதம் 20% என்றால், 8% கடனின் உண்மைச் செலவு 6.4%.

கூடுதலாகக் கட்டும்போது நடக்கும் தவறுகள்

பணத்தைக் கட்டிவிட்டால் போதாது, அது எங்கே வரவு வைக்கப்படுகிறது என்று பாருங்கள். சில இடங்களில் கூடுதல் தொகையை அடுத்த மாதங்களின் முன்தவணையாக எடுத்துக்கொள்வார்கள். அப்படியானால் அசல் குறையாது, வட்டியும் குறையாது. "இது அசலில் கழிக்க வேண்டிய தொகை" என்று எழுத்தில் கொடுத்து, திருத்திய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். வட்டியை மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடும் கடன் என்றால், கணக்கிடும் நாளுக்கு முன்பே தொகை வரவாக வேண்டும். ஒருநாள் தப்பினால் ஒரு மாத வட்டி வீண்.

அடுத்து, காலத்தைக் குறைப்பதா தவணையைக் குறைப்பதா என்று கேட்பார்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களே ஒன்றைத் தேர்ந்துகொள்வார்கள். வித்தியாசம் பெரிது. 1,00,000 பாக்கியில் இன்று 10,000 அசலில் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். தவணை 875-ஐ அப்படியே வைத்துக் காலத்தைக் குறைத்தால் 216 மாதம் 174 மாதமாகும். மூன்றரை ஆண்டு மிச்சம், வட்டியில் சுமார் 26,500 மிச்சம். காலத்தை அப்படியே வைத்துத் தவணையைக் குறைத்தால் தவணை 787 ஆகும், வட்டியில் மிஞ்சுவது 8,900 மட்டுமே.

ஆகவே எல்லோரும் காலத்தையே குறைக்கச் சொல்வார்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்வேன். கட்டணம் இல்லாமல் எவ்வளவு வேண்டுமானாலும் கூடுதலாகக் கட்டலாம் என்று உங்கள் ஒப்பந்தம் அனுமதித்தால், தவணையை 787 ஆகக் குறைத்துக்கொண்டு, கையால் 875-ஐயே கட்டி வாருங்கள். கடன் அதே 174 மாதத்தில் முடியும். இடையில் வேலைக்கு ஆபத்து வந்தால் சட்டப்படி நீங்கள் கட்ட வேண்டியது 787 தான். 50 வயதைத் தொடுகிறவர்களுக்கு அந்த இடைவெளி பெரிய பாதுகாப்பு. ஆனால் கை நிறையும்போதெல்லாம் செலவழிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது வேண்டாம். காலத்தைக் குறைத்துக் கட்டாயமாக்கிக்கொள்வதே நல்லது.

கடனோடு சேமிப்புக் கணக்கை இணைத்து, அதில் கிடக்கும் தொகையைக் கழித்துக்கொண்டு மிச்ச அசலுக்கு மட்டும் வட்டி போடும் வகைக் கடன்களும் இருக்கின்றன. அவசர நிதியை வைக்க இதைவிட நல்ல இடம் இல்லை: பணம் உங்கள் கையிலும் இருக்கிறது, கடன் வட்டியையும் குறைக்கிறது. இப்படிப்பட்ட கடனுக்கு வட்டி கால், அரை சதவீதம் கூடுதலாகக் கேட்டால், நீங்கள் வழக்கமாக எவ்வளவு வைத்திருப்பீர்கள் என்று பார்த்துக் கணக்கிடுங்கள். 1,00,000 கடனுக்கு அரை சதவீதம் கூடுதல் என்றால் ஆண்டுக்கு 500. அதை ஈடுகட்டவே 8.5% வட்டியில் சுமார் 6,000 எப்போதும் கணக்கில் கிடக்க வேண்டும்.

முன்கூட்டி அடைக்கக் கட்டணம் கேட்டால் பயந்து விட்டுவிடாதீர்கள். கட்டணம் 2%, வட்டி 8% என்றால் 2-ஐ 8-ஆல் வகுங்கள், கால் ஆண்டு வரும். மூன்று மாதத்தில் கட்டணம் ஈடாகிவிடும், அதற்குப் பிறகு எல்லாம் மிச்சம். நிலையான வட்டிக் கடனில் மட்டும் எச்சரிக்கை தேவை. சந்தை வட்டி குறைந்திருக்கும் நேரத்தில் அதை முறித்தால், கடன் கொடுத்தவரின் இழப்பைக் கணக்கிட்டுப் பெரிய தொகை கேட்கும் ஒப்பந்தங்கள் உண்டு. முதலில் தொகையை எழுத்தில் வாங்குங்கள்.

மாறும் வட்டி: தவணை ஏறாததுதான் ஆபத்து

நடுவயதில் கடன் வைத்திருப்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். பல ஒப்பந்தங்களில் வட்டி ஏறினால் தவணை ஏறாது, காலம் நீளும். மாதா மாதம் போவது அதே 875 என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. நம் கணக்கில் வட்டி 8-இலிருந்து 9% ஆனால், அதே 875 கட்டிக் கடன் முடிய 216 மாதம் 260 மாதமாகும். 65-இல் முடிய வேண்டியது 68 வயது தாண்டி முடியும். 10% ஆனால் 367 மாதம். 77 வயதில் முடியும். 10.5% ஆனால் மாத வட்டியே 875 வந்துவிடும், அசல் ஒரு காசும் குறையாது. அதற்கு மேலே போனால், கட்டிக்கொண்டே இருந்தாலும் கடன் வளரும்.

வட்டி ஏறியதாகக் கடிதமோ குறுஞ்செய்தியோ வந்த அன்றே, முடியும் தேதி என்ன என்று கேளுங்கள். 9% ஆன பின்னும் 18 ஆண்டிலேயே முடிய வேண்டுமானால் தவணை 936 ஆக வேண்டும், அதாவது 61 கூடுதல். அதை உடனே ஏற்றிவிடச் சொல்லுங்கள். வட்டி குறையும்போது இதற்கு நேர்மாறாக, தவணையைக் குறைக்காமல் அப்படியே கட்டி வாருங்கள்.

குறைந்த வட்டிக்கு வேறிடத்துக்குக் கடனை மாற்றும்போதும் இதே கண்ணி இருக்கிறது. 9% வட்டியில் 13 ஆண்டு பாக்கி, தவணை 1,090 என்று வையுங்கள். "8%-க்கு மாற்றித் தருகிறோம், தவணை 836 தான்" என்பார்கள். மாதம் 250-க்கு மேல் குறைகிறதே என்று மனம் குளிரும். ஆனால் அது புதிதாக 20 ஆண்டுக்குப் போட்ட கணக்கு. பழைய கடனில் மிச்ச வட்டி 70,000, புதியதில் 1,00,700. வட்டியைக் குறைத்துக்கொண்டு 30,000-க்கு மேல் கூடுதலாகக் கட்டுவீர்கள், அதில் ஏழு ஆண்டு சம்பளம் இல்லாத காலம் வேறு. 8%-க்கு மாற்றி, அதே 13 ஆண்டு என்று கேளுங்கள்: தவணை 1,033, வட்டியில் 8,800 மிச்சம். அந்த 8,800-இலிருந்து புதுக் கடனின் செயலாக்கக் கட்டணம், மதிப்பீட்டுச் செலவு, பத்திரச் செலவு எல்லாவற்றையும் கழித்து மிஞ்சுவதுதான் உண்மையான லாபம். பாக்கிக் காலம் ஐந்து ஆண்டுக்குக் கீழே வந்துவிட்டால் இதில் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது.

பெரிய வீடு

இந்த வீட்டின் விலை 100, பார்த்து வைத்திருக்கும் வீடு 150 என்றால், 50 கூடுதலாகத் தேவை என்று நினைப்போம். வரி, பதிவு, விற்கவும் வாங்கவும் தரகு, வழக்கறிஞர், இடமாற்றம், உள்வேலை என்று எழுதிக் கூட்டுங்கள். இரண்டு பரிவர்த்தனைக்கும் சேர்த்துப் புது வீட்டின் விலையில் 10% ஆனால் அதுவே 15. ஆக, 50 பெறுமான கூடுதல் வீட்டுக்கு 65 கடன் ஏறும். பெரிய வீட்டின் வரியும் பராமரிப்பும் ஆயுள் முழுக்கக் கூட வரும்.

மாறலாமா கூடாதா என்பதற்கு நான் வைக்கும் சோதனை இது. புதுக் கடனின் தவணையை 20 ஆண்டுக்குப் பார்க்காதீர்கள், 60 வயது வரை இருக்கும் 13 ஆண்டுக்குப் பாருங்கள். 1,00,000-க்கு 20 ஆண்டில் 836, 13 ஆண்டில் 1,033. இந்த இரண்டாவது எண்ணைக் கட்டிவிட்டு, ஓய்வுக்கான சேமிப்பும் நிற்காமல் போகுமானால் வாங்குங்கள். ஐயமாக இருந்தால், இப்போதைய தவணைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை ஆறு மாதம் தனிக் கணக்கில் போட்டு வாழ்ந்து பாருங்கள். ஒரு மாதமாவது அந்தக் கணக்கில் கைவைக்க நேர்ந்தால் அந்த வீடு உங்கள் வருமானத்துக்குப் பெரிது.

இன்னொன்று: 60 வயது தாண்டிய கடன் வேண்டுமென்றால் மகனையோ மகளையோ இணைக் கடனாளியாகச் சேர்த்தால் காலம் நீட்டித்துத் தருவதாகச் சொல்வார்கள். நாளை அந்தப் பிள்ளை தனக்கு வீடு வாங்கப் போகும்போது இந்தக் கடன் முழுவதும் அவர் பெயரிலும் நிற்கும், அவருக்குக் கிடைக்க வேண்டிய கடன் சுருங்கும். கூடுதலாக ஓர் அறைக்காகப் பிள்ளையின் கடன் தகுதியை அடகு வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

விற்றுவிட்டு வாடகைக்குப் போகலாமா என்றும் சிலர் யோசிப்பார்கள். சொந்த வீட்டில் திரும்பி வராத செலவு எவ்வளவு என்று பாருங்கள். விலை 100, அதில் கடன் 60, சொந்தப் பணம் 40 என்றால்: கடனுக்கு 8% வட்டி 4.8, சொந்தப் பணம் வேறிடத்தில் 6% ஈட்டியிருக்கும் என்றால் 2.4, வரியும் பராமரிப்பும் 1.5. மொத்தம் 8.7. வீட்டு விலை ஆண்டுக்கு 4% ஏறும் என்று கழித்தால் 4.7. அதே போன்ற வீட்டின் ஆண்டு வாடகை விலையில் 4.7%-க்குக் கீழே இருந்தால் இன்றைய நிலையில் வாடகை மலிவு. அந்த 4% ஊகத்தை 2% ஆக்கினால் விடை தலைகீழாக மாறலாம் என்பதையும் போட்டுப் பாருங்கள். ஓய்வுக்காலத்தில் நிலைமை வேறு: வாடகை ஆண்டுதோறும் ஏறும், வருமானம் ஏறாது. கடன் தீர்ந்த வீட்டின் பெரிய பலமே அதுதான்.

ஓய்வுக்கு எவ்வளவு வேண்டும்

இன்றைய ஆண்டுச் செலவை 100 என்று வையுங்கள். அதில் கடன் தவணையும் பிள்ளைகள் செலவும் போய், மருத்துவம் கூடி, 70 நிற்கிறது. விலைவாசி ஆண்டுக்கு 5% ஏறினால் 13 ஆண்டில் அது 132 ஆகும். விலைவாசியோடு சேர்ந்து உயரும் ஓய்வூதியம் 52 வரும் என்றால் இடைவெளி 80. ஓய்வூதியம் உயராத வகையென்றால் இந்த இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு விரியும். அப்போது அந்த 52-ஐ முழுதாகக் கழிக்கக் கூடாது.

அந்த 80-ஐ எத்தனையால் பெருக்குவது? 60 முதல் 90 வயது வரை 30 ஆண்டு, ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் செலவுக்கு எடுக்கிறீர்கள் என்று வைப்போம். விலைவாசி போக முதலீட்டில் ஒன்றும் மிஞ்சாது என்றால் 30 மடங்கு வேண்டும். 1% மிஞ்சினால் 26 மடங்கு. 2% மிஞ்சினால் 23 மடங்கு. 26 என்று எடுத்தால் 2,080, அதாவது இன்றைய ஆண்டுச் செலவைப்போல் ஏறக்குறைய 21 மடங்கு. "முதல் ஆண்டு 4% எடு, பிறகு விலைவாசிக்கேற்ப ஏற்று" என்ற விதியை நிறையக் கேட்டிருப்பீர்கள். 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர், 1926 முதலான அமெரிக்கச் சந்தைத் தரவுகளை வைத்து, பங்கும் கடன்பத்திரமும் கலந்த முதலீடு 30 ஆண்டு தாங்குமா என்று பார்த்துச் சொன்னது அது. அமெரிக்க வரலாற்றில் தாங்கிய அந்த விகிதம் வேறு பல நாடுகளின் வரலாற்றில் தாங்கவில்லை. வைப்புநிதியை மட்டும் நம்பியிருப்பவருக்கும் அது பொருந்தாது.

இந்தக் கணக்கில் கடன் எங்கே வருகிறது? 60 வயதில் 43,150 பாக்கி இருந்தால் அது உங்கள் ஓய்வு நிதியிலிருந்து அன்றே கழிந்த தொகை. ஒரேயடியாக அடைத்தாலும், மாதாமாதம் எடுத்துக் கட்டினாலும் போகப்போவது அங்கிருந்துதான். மாதாமாதம் கட்டுவதில் இன்னோர் ஆபத்து இருக்கிறது. 100 வைத்து, ஆண்டுக் கடைசியில் 5 எடுக்கிறீர்கள். மூன்று ஆண்டில் ஒருமுறை 20% வீழ்ச்சி, இருமுறை 10% ஏற்றம். வீழ்ச்சி முதல் ஆண்டில் வந்தால் மூன்றாம் ஆண்டின் முடிவில் 80.25 இருக்கும், கடைசி ஆண்டில் வந்தால் 83.40. பணம் எடுக்காதவருக்கு இரண்டிலும் 96.80 தான். எடுக்கும் தொகை பெரிதாகப் பெரிதாக இந்த வித்தியாசம் கூடும். தவணை என்பது சந்தை விழுந்த ஆண்டிலும் தள்ளிப்போட முடியாத செலவு. கடன் முடிந்தவர் அந்த ஆண்டில் பயணத்தைத் தள்ளிப்போட்டு, குறைவாக எடுத்துச் சமாளிக்கலாம். கடனுள்ளவர் விழுந்த விலையில் விற்றே ஆக வேண்டும். கடன் முடியும் தேதியைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான். கடன் இல்லாவிட்டாலும், இரண்டு மூன்று ஆண்டுச் செலவைச் சந்தைக்கு வெளியே வைத்துக்கொண்டு ஓய்வுக்குள் நுழையுங்கள். 57 வயதிலிருந்தே அதைப் படிப்படியாக மாற்றத் தொடங்க வேண்டும்.

வீடு ஓய்வூதியம் தருமா

குடியிருக்கும் வீட்டை ஓய்வு நிதியில் சேர்த்து எண்ணாதீர்கள். அது தரும் பலன் வாடகை மிச்சம். அதைச் செலவுக் கணக்கிலேயே எடுத்துவிட்டோம்.

சின்ன வீட்டுக்கு மாறினால் பணம் விடுபடும் என்பது உண்மைதான், ஆனால் நினைக்கும் அளவு விடுபடாது. 100-க்கு விற்று 65-க்கு வாங்கி, செலவு 9 போனால் கையில் 26. அதை 26 மடங்குக் கணக்கில் வகுத்தால், வீட்டு மதிப்பில் ஆண்டுக்கு 1% வருமானம். உதவிதான், ஆனால் அதை நம்பி மற்ற சேமிப்பைக் குறைக்கக் கூடாது. மாறுவதாக இருந்தால் 60-களின் தொடக்கத்தில் மாறுங்கள். படி ஏறாமல் உள்ளே போகலாமா, சக்கர நாற்காலி நுழையும் அகலம் குளியலறைக் கதவுக்கு இருக்கிறதா, வண்டி ஓட்ட முடியாமல் போனால் மருத்துவமனைக்கும் கடைக்கும் எப்படிப் போவது என்ற மூன்றையும் 75 வயதுக் கண்ணோடு பாருங்கள். 80 வயதில் அவசரத்தில் விற்பவருக்கு விலையும் கிடைக்காது, தேர்ந்தெடுக்கும் தெம்பும் இருக்காது.

குடியிருந்துகொண்டே வீட்டின் மேல் மாதாமாதம் பணம் வாங்கும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் கடைசிக் கட்டத்துக்கானது. தவணை கட்ட வேண்டாம் என்பதால் வட்டி அசலோடு சேர்ந்து வளரும். 9% வட்டியில் வாங்கிய தொகை எட்டு ஆண்டில் இருமடங்காகும். 60 வயதில் தொடங்கினால் 80 வயதில் வீட்டில் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். 75-க்குப் பிறகு யோசிக்கலாம். இருவரில் ஒருவர் பெயரில் மட்டும் எடுத்தால், அவர் இறந்த பின் மற்றவர் அந்த வீட்டிலேயே இருக்க முடியுமா என்பதை ஒப்பந்தத்தில் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள்.

காப்பீடும் காகிதங்களும்

கடன் தொகைக்குக் குறையாத ஆயுள் காப்பீடு, சம்பாதிக்கும் ஒவ்வொருவர் பெயரிலும், கடன் முடியும் தேதி வரை இருக்க வேண்டும். கடனோடு சேர்த்து விற்கப்படும் ஒற்றைப் பிரீமியக் காப்பீட்டைக் கவனியுங்கள். அந்தப் பிரீமியத்தைக் கடன் தொகையிலேயே சேர்த்துவிடுவார்கள். அதற்கும் 18 ஆண்டு வட்டி கட்டுவீர்கள். பணம் நேரே கடன் கொடுத்தவருக்குப் போகும். தனியாக எடுக்கும் டேர்ம் பாலிசியில், அதாவது குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீட்டில், தொகை குடும்பத்தின் கைக்கு வரும், கடனை அடைப்பதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்துகொள்ளலாம். நீண்ட நோயிலும் விபத்திலும் வருமானம் நின்றாலும் தவணை நிற்காது என்பதால், வருமான இழப்புக்கான காப்பீடு கிடைத்தால் அதையும் விசாரியுங்கள்.

கடைசித் தவணை போன பிறகும் வேலை இருக்கிறது. பாக்கி இல்லை என்ற சான்று, அவர்களிடம் கொடுத்த மூலப்பத்திரங்கள் அனைத்தும் பட்டியல்படி, பதிவேட்டில் அடமானம் நீக்கப்பட்டதற்கான ஆவணம், கடன் தகவல் அறிக்கையில் "முடிந்தது" என்ற பதிவு ஆகிய நான்கும் கைக்கு வரும்வரை பின்தொடருங்கள். அடமானம் நீங்காத வீட்டை 62 வயதில் விற்கப் போகும்போது, கிளை இடம் மாறியிருக்கும், கோப்பைத் தேடவே மாதக் கணக்கில் ஆகும். அதுவரை ஆண்டுக்கு ஒருமுறை கடன் அறிக்கையை வாங்கி, அதில் அச்சாகியிருக்கும் முடியும் தேதியை மட்டுமாவது சரிபாருங்கள். அது உங்கள் 60-ஆம் பிறந்தநாளுக்குப் பின்னால் போயிருந்தால், அந்த மாதமே தவணையை ஏற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.